காய் அவித்த தண்ணீர்

இந்தத் தெருவில் யாரும் யாரையும் சுகமா என்று கேட்பதில்லை. "இன்னா கொயம்பு?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு நிற்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் அதைத்தான் கேட்கிறார்கள். குழம்பைச் சொன்னால் வீட்டில் நடப்பது எல்லாம் தெரிந்துவிடும். மீன் குழம்பு என்றால் கடலில் கிடைத்திருக்கிறது. கருவாடு என்றால் போட் போகவில்லை. வெறும் ரசம் என்றால் காய்ச்சல், இல்லாவிட்டால் சண்டை. எங்கள் ஊரில் "என்ன பாடு?" என்று கேட்போம். "இருக்கிறம்" என்று சொல்லுவோம். அதில் ஒன்றும் தெரியாது. எண்ணூருக்கு மருமகளாக வந்த புதிதில் இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. என் சட்டிக்குள் இருப்பது இவர்களுக்கு என்னத்துக்கு என்று நினைப்பேன். இப்போது நிலைமை வேறு. என்னிடம் இன்றைக்கு மட்டும் இல்லை, வருகிற சனிக்கிழமைக்கும் பதில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மல்லிகா ஒரு நாள் விளையாட்டாக, "வெள்ளிக்கெயம இன்னாக்கா?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "பீர்க்கங்காய்க் கூட்டு, ஒரு துண்டு மீன்" என்றேன். வரிசை முழுதும் சிரித்தது. "கடல்ல கீற மீனுக்கே தெரியாது. இந்தக்காவுக்கு தெரிஞ்சிகீது பாரு" என்றாள். நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஏழு நாள் சாப்பாட்டை எழுதுகிறோம். நான், என் கணவர், அவருடைய அம்மா. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். இதை வன்னியில் இருக்கிற என் சனங்களுக்கும், என்னைப் போல இந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சாப்பாடு கிடைக்குமா என்று பயந்த காலம் நம் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டைப் பார்த்தே பயப்படுகிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்கும் முன்பு தெரியாது.

என் கணவர் தேசப்பன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவர். கால் வீங்கியது. உப்புத் தண்ணீரில் நின்றதால் என்றார். முகம் வீங்கியது. தூக்கம் இல்லை என்றார். ஒரு நாள் கரைக்கு வந்து வலையை இறக்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மற்ற நாட்களில் சாப்பாடுதான் மருந்து, சாப்பாடுதான் விஷம். அப்படிச் சொன்னது அங்கே சாப்பாட்டு முறை எழுதிக்கொடுக்கிற ஒரு இளம் பெண். நல்ல பிள்ளை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தது.

"வீட்ல வாரத்துக்கு என்ன சமைக்கிறதுன்னு யாரும்மா முடிவு பண்றது?"

"கடலு" என்றார் மாமி.

அந்தப் பிள்ளை பேனாவை மேசையில் வைத்தது.

"கடலு இன்னா குடுக்குதோ அதான் கொயம்பு. குடுக்கலன்னா கருவாடு" என்றார் மாமி.

"கருவாடு இனிமே கூடவே கூடாது."

"அப்ப குடுக்காத அன்னிக்கு?"

"அதுக்குத்தான் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்றேன். எல்லாரும் உக்காந்து எழுதுங்க. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் எதுவும் குடுக்கக் கூடாது. புரியுதா?"

மாமி தலையை ஆட்டினார். அவருக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மாமி என்று நான் சொல்வது என் மாமியாரை. பெயர் அஞ்சலை. அவர் காலையில் ஏலத்தில் நின்று மீன் எடுத்து, தலையில் வைத்து விற்றுவிட்டு, மிஞ்சியதைச் சமைத்தே வாழ்ந்தவர். நாளைக்கு என்ன என்று அவரிடம் கேட்டால், "நாளிக்கு இன்னிக்கேவா வருது?" என்பார். நான் அவரை மாமி என்று கூப்பிட்டதைக் கேட்டுத் தெருவே முதலில் சிரித்தது. "இன்னா அஞ்சல, எப்பம்மே அக்ரகாரத்துக்கு குடி போன?" என்று கேட்டார்கள். அவர் மாற்றச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் தந்த பேப்பரில் இரண்டு பக்கம். ஒரு பக்கம் சாப்பிடலாம். மறுபக்கம் கூடாது. கீழே, குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று இருந்தது. வாசித்தபோது கூடாது என்ற பக்கம் முழுவதும் எங்கள் ஊராக இருந்தது. தேங்காய், தேங்காய்ப்பால், இளநீர், வாழைப்பழம், முருங்கை இலை, பலாக்கொட்டை, தக்காளி. சொதி இல்லை, சம்பல் இல்லை. அவருக்காக நான் சமைக்கத் தெரிந்த அவ்வளவையும் ஒரு கோடு போட்டு வெட்டியது போல இருந்தது. சாப்பிடலாம் என்ற பக்கத்திலும் நிபந்தனை உண்டு. காயைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் அவித்து, அதையும் கொட்டி, அதன் பிறகுதான் தாளிக்க வேண்டும். காயில் இருக்கிற பொட்டாசியம் என்ற சாமான் தண்ணீரில் இறங்கிவிடும். அது உடம்பில் கூடினால் நெஞ்சு நின்றுவிடும். அந்தப் பிள்ளை அதை மெதுவாகத்தான் சொன்னது. வலிக்காது, நின்றுவிடும் என்றது.

அன்றிலிருந்து என் பயம் ஆரம்பம். காலையில் கண் விழித்ததும் அவர் நெஞ்சைப் பார்ப்பேன். ஏறி இறங்குகிறதா என்று. கணுக்காலைப் பெருவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பேன். தெருவில் இளநீர் வண்டி வந்தால் கதவைச் சாத்துவேன். அவர் கடைப்பக்கம் போய் வந்தால் வாயை மோந்து பார்ப்பேன். "சரோ, நான் இன்னா சரக்கா அட்சிட்டு வரேன்? போண்டா துன்னா கூட கண்டுபுடிப்ப போல" என்பார். நான் சிரிக்க மாட்டேன். இவர் போனால் நான் இங்கே யார்? பிள்ளை இல்லை. என் பெயர் இன்னும் கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இருக்கிறது. கணவர் வீட்டில் இருக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். கணவர் இல்லாத வீட்டில் இருக்க யாரிடம் அனுமதி வாங்குவது என்று எனக்குத் தெரியாது. கிளிநொச்சியில் இருக்கிற அக்கா போனில், "அங்க ஆரை நம்பி இருக்கிறாய்? வந்திடு" என்கிறா. அவவின் வீட்டிலும் எனக்கு ஒரு பாய் அளவு இடம்தான் இருக்கும். அதையும் யாராவது சுருட்ட வேண்டி வரும். ஆகவே என் முழுப் பலமும் அந்தக் காலண்டர்ப் பேப்பரில் இருந்தது. ஏழு கட்டம். ஏழையும் சரியாக நிரப்பினால் இன்னும் ஒரு வாரம் நான் இங்கே இருக்கலாம்.

மாமிக்கு எழுத்து தெரியாது. அதனால் படம் போட்டேன். மீனுக்கு மீன், சுரைக்காய்க்குக் குடம் மாதிரி ஒன்று, முட்டைக்கு வட்டம். மெஷின் நாளுக்கு ஒரு பெட்டி. "இன்னாமே இது, எல்கேஜி புக்கா?" என்றார். ஆனாலும் காலையில் எழுந்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். என் கணவர் வெள்ளிக்கிழமையைக் கேட்டுக்கொள்வார். மெஷினில் இருந்து வந்த பிறகு கொஞ்சம் தாராளம் காட்டலாம். ஒரு உள்ளங்கை அளவு வஞ்சிரம். "ஜெயில்ல கூட ஞாயித்துக்கெயம கறி போட்றான். இங்க வெள்ளிக்கெயம ஒரு துண்டு மீனுக்கு மனு குடுக்கணும்" என்பார். மாமியின் நாள் புதன். எனக்கு எந்த நாளும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எனக்கு என்று எதைக் கேட்டாலும் அது கூடாது பக்கத்தில்தான் இருக்கும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இந்தப் பக்கத்தில் நிலத்துத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. லாரிதான். லாரி வருகிற நாளும் வராத நாளும் உண்டு. அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் ஊறும். பாத்திரம் கழுவிய தண்ணீரில் வாசல் கழுவுவோம். அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து வாசலில் படியும். அதை ஓட்டவும் தண்ணீர் வேண்டும். அப்படி இருக்கிற வீட்டில், பேப்பரில் சொன்னபடி ஒரு கை காய்க்கு ஒரு பானைத் தண்ணீரை ஊற்றி அவித்துக் கொட்ட வேண்டும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினேன். அது பச்சைத் தண்ணீர். அவித்த தண்ணீரை என்னால் கொட்ட முடியவில்லை. முதல் நாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். மணம் வந்தது. அவித்த காயின் மணம். திரும்பி வந்து மூடி போட்டு அடுப்புக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பாத்திரம் கழுவ வைத்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பின்னேரம் அதில்தான் பாத்திரம் கழுவினேன். கழுவுவதற்கு முன் யாரும் பார்க்காதபோது கொஞ்சம் குடித்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் நாங்கள் வீட்டை விட்டு ஓடிக் காட்டு ஓரத்தில் தரப்பாளைக் கூரையாகக் கட்டி இருந்தோம். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. சாமான் எதுவும் உள்ளே வராத காலம். அம்மா ஒரு சுண்டு, ஒரு சின்ன டின் அளவு, அரிசியில் காட்டுக் கீரையைப் போட்டுப் பெரிய பானையில் அவிப்பார். அடியில் இருக்கிற பருக்கை காய்ச்சலாகக் கிடந்த தம்பிக்கு. மேலே நிற்கிற தண்ணீர் அக்காவுக்கும் எனக்கும். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தருவார். உப்பு இருக்காது. ஒரு நாள் ஷெல் சத்தத்துக்கு நான் பதறிச் சிரட்டையைக் கீழே விட்டுவிட்டேன். அம்மா முதுகில் அடித்தார். என்னை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்துவிட்டு அந்த ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் அழவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி பிழைக்கவில்லை. அக்காவும் நானும் அந்தத் தண்ணீரில் பிழைத்தோம். பிறகு வளர்ந்து, மன்னாரில் படகு ஏறி, மண்டபத்தில் இறங்கி, முகாமில் இருந்து மீன் வாங்க எண்ணூருக்கு வந்த இடத்தில் இவரைக் கண்டேன். இடையில் எத்தனையோ மறந்துவிட்டேன். அந்தக் கை மறக்கவில்லை. இதையெல்லாம் பேப்பர் எழுதிய பிள்ளைக்கு எப்படிச் சொல்ல முடியும்?

அந்த வாரம் சனிக்கிழமைக்கு உருளைக்கிழங்கு எழுதியிருந்தோம். அவர் ஆசைப்பட்டுக் கேட்டது. நன்றாக ஊறவைத்து அவித்து வடித்தால் கொஞ்சம் தரலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டேன். ஞாயிறு முருங்கைக்காய், அதே முறையில். மாமியும் நானும் சாப்பிடக் கீரையும் அவித்தேன். எல்லாத் தண்ணீரும் மூடி போட்ட சட்டிக்குள் போய் மறுநாள் காலைவரை இருந்தது. திங்கட்கிழமை காலை நான் லாரித் தண்ணீர் எடுத்து வந்தபோது அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். எழும்பவில்லை.

"சரோ, காலு என்னுது இல்ல மாரி கீது" என்றார்.

நான் தொட்டேன். வீக்கம் இல்லை. மாமி எண்ணெய் எடுத்து வந்து தேய்த்தார். இவர் கையைத் தூக்கப் பார்த்தார். அது பாதி வரை வந்து விழுந்தது. நெஞ்சில் காது வைத்தேன். அடித்தது. ஒன்று. அடுத்தது வர நேரம் எடுத்தது. சுவரில் இருந்த காலண்டர்ப் பேப்பரைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். மல்லிகாவின் புருசன் ஆட்டோ எடுத்தான். திருவொற்றியூர் தாண்டும் வரை ஒரே கண்டெய்னர் லாரி. ஒன்றின் பின்னால் ஒன்று, நகரவே இல்லை. நடுவில் இருந்த அவர் தலை என் தோளில் கிடந்தது. மறுபக்கம் மாமி, "நைனா, பேசு நைனா. சும்மானா எதுனா பேசு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் ஒரு தடவை, "இன்னாத்த பேச, மெனுவா?" என்றார். பிறகு பேசவில்லை. லாரியின் பின்பக்கத்து எழுத்துகளை நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் ஏதோ நடந்துவிடும் என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். ஊசி போட்டார்கள். டாக்டர் வயது குறைந்தவர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். நான் பேப்பரை நீட்டினேன். அவர் மீன் படத்தையும் சுரைக்காய்ப் படத்தையும் பார்த்தார்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லையே. நல்லாத்தானே எழுதியிருக்கீங்க" என்றார். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். "இதுல இல்லாதது எதோ உள்ள போயிருக்கு. பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. என்ன குடுத்தீங்க?"

நான் என் கணவரிடம் குனிந்து, "இஞ்சாருங்கோ, இளநி குடிச்சனீங்களோ? சொல்லுங்கோ" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார், இல்லை என்று.

பின்னால் இருந்து மாமி சொன்னார். "ஒண்ணும் துன்னல சார். காய் வெந்த தண்ணிதான். மொளகு தட்டிப் போட்டு காலைல அர டம்ளர் குட்தேன். வெள்ளிக்கெயமலேர்ந்து. புள்ள துரும்பா பூட்டான். அதுலதானே சத்தெல்லாம் கீது?"

டாக்டர் தலையில் கை வைத்தார். "ஏம்மா, அந்தத் தண்ணியைக் கொட்டணும்னுதானே சொல்லி அனுப்புறாங்க? மொத்த பொட்டாசியமும் அதுலதான் இருக்கும். கொஞ்சம் லேட்டா வந்திருந்தீங்கன்னா உங்க பையன் இல்ல. யார் பண்ணது இதை?"

"நாந்தான்" என்றார் மாமி.

அந்தத் தண்ணீர் எப்படி வீட்டில் இருந்தது என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை என்று எழுதினால் பொய். சத்தம் வந்திருக்கும். நான் விடவில்லை.

உடனே மெஷினில் போட வேண்டும் என்று ஒரு ஃபாரம் தந்தார்கள். மேசையில் இருந்தவர், "நீங்க யாரும்மா?" என்றார். பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "அவற்ற மனுசி" என்றேன். "எல்லாரும் மனுஷங்கதாம்மா. உறவு என்ன?" என்றார். மனைவி என்றேன். கார்டு கேட்டார். முகாம் அட்டையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. "வேற சொந்தக்காரங்க யாராச்சும் கூட வந்திருக்காங்களா?" என்றுதான் கேட்டார். மாமி முன்னால் வந்து மையில் பெருவிரலை வைத்தார். சற்று முன் குற்றம் ஒப்புக்கொண்ட அதே மனுசி. அவர் விரலைச் சேலையில் துடைத்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நான்கு மணி நேரம் வெளியே தரையில் இருந்தோம். உள்ளே இருந்து யாராவது வந்தால் இரண்டு பேரும் ஒன்றாக எழும்புவோம். வேறு வீட்டுக்காரரின் பெயரைச் சொல்வார்கள். ஒன்றாக உட்காருவோம். கடைசியில் அவர் பெயரைச் சொன்னபோது மாமிதான் முதலில் ஓடினார். இவர் உயிரோடு இருந்தார். கையைத் தூக்கிக் காட்டினார், முழுவதும். "டீய கம்மி பண்ணிக்கினுதான் அத்த குட்சேன் சரோ. ஒரு நாளிக்கு ஒரு லிட்டர்னு சொன்ன கணக்கு தாண்டல" என்றார். தண்ணீரைக் குடித்த தப்புக்கு அளவு சரியாக இருந்தது என்று சொல்லுகிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமி குசினிக்குள், அடுப்புப் பக்கமே, வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதன் அவருடைய நாள். அன்றும் வரவில்லை. வாசலில் குந்திக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார். நான் சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிட்டார். மல்லிகா வந்து, "இன்னா கொயம்பு அஞ்சலம்மா?" என்று கேட்டபோது, "உள்ள கேளு. எனிக்கு தெரியாது" என்றார். ஐம்பது வருடம் குழம்பு வைத்த மனுசி அப்படிச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் நான் காய் அவிக்கவில்லை. சோறும் முட்டையின் வெள்ளையும் மட்டும். அடுப்புக்குப் பின்னால் சட்டி கவிழ்த்துக் கிடந்தது. நான் ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்துவிடுமோ என்று ஒரு பயம். வராமலே போய்விடுமோ, இவர் இப்படியே வாசலில் இருந்துவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் பேப்பரும் பேனையும் எடுத்து வைத்தேன். அவர் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மாமி வரவில்லை.

"நீ இன்னா எய்தினாலும் துன்றேன் சரோ. மொதல்ல எங்கம்மாவ இட்டா" என்றார்.

நான் வாசலுக்குப் போனேன். பக்கத்தில் குந்தினேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "மாமி, அந்தத் தண்ணியை வச்சது நான்தான். கொட்டச் சொன்னவை. நான் கொட்டேல்லை. உங்களில பிழை இல்லை" என்றேன்.

அவர் தெருவைத்தான் பார்த்தார். "தெரியும்மே" என்றார். "மூடி போட்டு வெச்சது யாரு, பூனையா?"

"அப்ப ஏன் டாக்டரிட்டச் சொல்லேல்ல?"

"சொல்லி? உன்னிய புட்ச்சி கேட்டிருப்பானுங்க. யாரு நீ, எந்த ஊரு, கார்டு எங்கன்னு. எனிக்கு ஏச்சு வாங்கறது புச்சா? ஏலத்துல நிக்கற பொம்பள வாங்காத ஏச்சா?"

ஒரு லாரி போனது. பிறகு நான், "அப்ப ஏன் மாமி உள்ள வாறீங்கள் இல்லை?" என்று கேட்டேன்.

அவர் கையை விரித்துப் பார்த்தார். பெருவிரலில் மை இன்னும் கொஞ்சம் இருந்தது. "இந்தக் கையி மேல எனக்கே பயமா கீதுமே. ஊட்டி வளத்த கையி. இன்னா போடும்னு எனிக்கே தெரியல."

எனக்கும் அப்படித்தான் என்றேன். இரண்டு பேரும் எழும்பி உள்ளே போனோம். அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். திங்கள் சுரைக்காய், செவ்வாய் கோஸ், புதன் என்று வந்தபோது, "புடலங்கா போடு. நான் வெக்கிறேன். நீ பக்கத்துல நில்லு" என்றார். காலண்டர்ப் பேப்பரில் ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் இன்னொரு படம் வேண்டும் என்றார். கவிழ்த்த சட்டி. தண்ணீரைக் கொட்டியாயிற்று என்றால் அதன் மேல் கரியால் ஒரு கோடு போட வேண்டும். போடாத நாள் இவருக்குச் சோறு இல்லை. "இது ஜெயில் இல்ல, கோர்ட்டு" என்றார் அவர். மாமி, "வாய மூடு நைனா" என்றார்.

புதன்கிழமை புடலங்காய் அவித்தோம். சட்டியின் ஒரு காதை மாமி பிடித்தார். மற்றதை நான் பிடித்தேன். தனியாக யாரும் கொண்டுபோவதில்லை என்பது இப்போது இந்த வீட்டுச் சட்டம். வாசலில் வைத்துச் சாய்த்தோம். ஆவியோடு போய்க் கால்வாயில் விழுந்தது. எதிர் வீட்டில் ஒருத்தி, "இன்னாத்துக்கு அஞ்சலம்மா கொட்ற? தண்ணி கீற நெலமைல?" என்று கேட்டாள். மாமி சட்டியை இன்னும் சாய்த்தார். முக்கால்வாசி போன பிறகு என் கை நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அடியில் ஒரு டம்ளர் அளவு இருந்தது. மாமி என்னைப் பார்த்தார். தன் பக்கத்துக் காதை விட்டார்.

உள்ளே அவர் இருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். உதடு வெடித்துக் கிடக்கிறது. அவர் பார்க்கக் கூடாது என்று வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் நின்றேன். சட்டியைத் தூக்கி வாயில் வைத்தேன். இவருக்கு ஒரு வாய் உள்ளே போனால் நெஞ்சு நிற்கும். எனக்கு உள்ளே போகப் போக நெஞ்சு ஆறியது. கடைசித் துளி வரைக்கும் குடித்தேன். நான்கு மாதமாகிறது. அவர் இருக்கிறார். காய் அவிக்கிற ஒவ்வொரு நாளும் கொட்டுகிறோம், ஒவ்வொரு நாளும் அடியில் கொஞ்சம் நிற்கிறது, ஒவ்வொரு நாளும் தெருவைப் பார்த்துக்கொண்டு குடிக்கிறேன். கரிக்கோட்டை மாமிதான் போடுகிறார்.

அந்த முதல் புதன்கிழமை மாமி காலிச் சட்டியை வாங்கிக்கொண்டு, "உப்பு போட்டுக்கறதுதானே" என்றார்.

எனக்கு உப்பில்லாமல்தான் பழக்கம்.